குணமாகி வருகிறாள் என்று நான் சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அதுவே எனக்குப் போதும். உன் அண்ணன் மகள் அந்த விளம்பர ஆபீசில் மேலாளராகிவிட்டாள், அவளுக்குக் கீழே பதினோரு பேர். அவள் தம்பிக்கு நீச்சலில் முதல் பரிசு, கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். உன் தங்கையின் மூத்தவள் மருந்தாளுநர் பரீட்சை பாஸ், கடைக்குட்டி தன் பேரைத் தானே எழுதுகிறது, பாதிச் சுவர் போச்சு. அஞ்சாவதோடு நின்னவ வயித்துல வந்த கூட்டமா இது என்று கேட்கிறார்கள், நானும் ஆமாம் என்று தலையை நிமிர்த்திக்கொள்கிறேன்.

இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ நர்ஸ் வேலை பார்க்கிற அகதி முகாம் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண்ணை மடியில் வைத்து நீ பால் புகட்டுகிற படத்தை எனக்கு மட்டும்தான் அனுப்பினாய், உன் அண்ணன் மகளிடம் கொடுத்தது நான். இவளைக் காப்பாற்றுங்கள் என்று எழுதிப் போட்டாள், மூன்றே நாளில் எல்லார் போனிலும் அந்த முகம், அங்கே சண்டை நடப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு மேலாளர் வேலையும் அதனால் வந்ததுதான். அந்த வாரமே நீ கூப்பிட்டு, அம்மா, குழந்தை போயிடுச்சும்மா, படத்த எடுத்துடச் சொல்லுங்க என்று அழுதாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பாராட்டிக் கூட்டம், எனக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமையாசிரியை மைக்கை நீட்டி, குழந்தை இப்ப எப்படிம்மா இருக்கா என்று கேட்டார், எதிரே அத்தனை பிள்ளைகள், குணமாகி வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள், அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பேச்சையும் போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அது முகாமுக்கே வந்து, யாரோ அந்த ஊர் மொழியில் சொல்லி, பிள்ளையைக் கடைசியாகப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்காத பெற்றவள் ஓடிவந்து, உங்கம்மா சொல்றாங்களே, எம் பிள்ளைய எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க என்று உன் காலைப் பிடித்தாளாம், இன்னும் தினமும் உன் கூடாரத்து வாசலில் வந்து உட்காருகிறாளாம், உன் அண்ணன் சொன்னான். நீ என்னோடு பேசி நாற்பது நாளாகிறது. உன் மேல் தப்பில்லை.

படத்தைப் போனிலிருந்து எடுக்கவைத்தேன். ஒன்பது லட்சம் பேர் பார்த்தது பாட்டி, எடுத்துட்டா அந்தச் சனங்கள யாரு நினைப்பாங்க என்று பேத்தி சண்டை போட்டாள், அவள் கேட்டதும் நியாயம்தான், ஆனாலும் எடுக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு, அன்று மேடையில் நான் சொன்னது பொய், குழந்தை இறந்துவிட்டது என்று நானே பேசி, அதையும் போனில் போடச் சொன்னேன். இருபத்துமூன்று பேர் பார்த்தார்கள், அதில் ஐந்து பேர் நம் வீட்டு ஆட்கள். இப்போது எல்லார் போனிலும் கிணற்றில் விழுந்த நாய்க்குட்டிதான். நேற்று தையற்கடைக்காரர், அந்தப் பாப்பா ஸ்கூல் போறாளா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். செத்துப்போச்சு தம்பி, நான் புளுகிட்டேன் என்றேன், ஊசியைக் கீழே போட்டுவிட்டார். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாதித் தெரு பாக்கி.

இந்தக் கடிதத்தை அந்தத் தாய்க்கு அவள் மொழியில் வாசித்துக் காட்டு, நீ எதையும் ஒளிக்கவில்லை, பொய் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, குண்டுச் சத்தம் கேட்டால் வெளியே வராதே. எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் நீ நூறு வயசு இருக்கவேண்டும். உன் முகத்தை மட்டும் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம், ஒருவருக்கும் காட்டமாட்டேன். சிரிக்கவேண்டும் என்றில்லை, என் மேல் கோபமாக இருந்தால் அந்தக் கோபத்தோடேயே எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா