அரிசிப் பானைக்குள் எகிப்து அம்மாள்

தென்காசி,
1943 ஆகஸ்டு, ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மகன் ஏசுதாசனுக்கு அம்மா ஞானபாக்கியம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை தங்கபுஷ்பமும் சுகமாக இருக்கிறோம், பசுவும் சுகம், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் மன்றாடுகிறோம். நடுவில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிற சென்சார் ஐயாவுக்கும் அவர் வீட்டாருக்கும் சகல நன்மையும் உண்டாவதாக. ஐயா, இதில் கப்பல் போகிற சங்கதியோ பட்டாளம் நகர்கிற சங்கதியோ கிடையாது, ஒரு பொம்மையைப் பற்றிய சங்கதிதான், சாவகாசமாகப் படிக்கலாம். போன முறை குற்றாலத்தில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று நான் எழுதியதைக்கூடக் கறுப்பு மையால் அடித்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். சாரல் விழுவது ஹிட்லருக்குத் தெரிந்தால் யார் குடி முழுகிவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. இந்த வருஷமும் நன்றாகவே விழுகிறது, அதற்குமேல் சொல்லமாட்டேன்.

காலில் காயம்பட்டு லீவில் வந்திருக்கிற உன் சிநேகிதன் கீழப்பாவூர் செல்லப்பாவை அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் வைத்துப் பார்த்திருக்கிறார். நீ எகிப்திலிருந்து கொடுத்தனுப்பிய பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு, ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்று சொல்லி, நொண்டிக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டானாம். பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது, பாதிதான், மீதி எங்கே என்று அப்பாவைக் கேட்டால் பஸ் ரொம்ப ஆடியது என்கிறார். பழத்துக்கு அடியில் உன் கிழிந்த பனியனில் சுருட்டி வைத்த அந்தப் பொம்மை. ஒரு சாண் உயரம், நீலக் கல், தலையில் இரண்டு கொம்பு, கொம்புக்கு நடுவில் வட்டமாக ஒரு தட்டு, மடியில் பிள்ளையை வைத்துப் பால் கொடுக்கிற ஒரு அம்மாள். என்ன ஏது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்க உனக்குக் கை வரவில்லையே. அப்பா அதைக் கண்டதும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நம் சபையோ சுரூபம் என்றாலே காத தூரம் ஓடுகிற சபை, அவரோ சபைக் கமிட்டிக்குச் செயலாளர். "ஏட்டி, இது கத்தோலிக்க மாதா, ஒம் மவன் ஆர்.சி.யாயிட்டான்" என்றார். எகிப்தில் இத்தாலிக்காரர்கள் கைதிகளாக இருப்பதாகப் பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்து, நீ ஒரு இத்தாலிக்காரியைக் கட்டிக்கொண்டாய் என்றும், அவளுக்கு நம் வீட்டுப் புளிக்குழம்பு ஒத்துக்கொள்ளாது என்றும் அரைமணி நேரத்துக்குள் முடிவு கட்டிவிட்டார். மாதாவுக்குக் கொம்பு ஏது என்று கேட்டேன். அவர்கள் எதையும் வைப்பார்கள் என்றார். இத்தனை வயதில் ஒரு ஆர்.சி. கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர் சொல்லுகிறார்.

அப்பா பதறியதிலும் நியாயம் உண்டு. அந்த வியாழக்கிழமைதான் தங்கபுஷ்பத்தைப் பார்க்கச் சுரண்டைப் பக்கத்திலிருந்து ஒரு உபதேசியாரும் அவர் வீட்டம்மாளும் வருவதாக இருந்தது. அவர்கள் மகன்தான் பையன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார், நல்ல குணம். உன் தங்கை அவனைக் கன்வென்ஷன் கூட்டத்தில் பார்த்ததிலிருந்து கீர்த்தனையைத் தப்பான ராகத்தில் பாடிக்கொண்டு சட்டியைத் தேய்த்த சட்டியாகவே தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஏற்கெனவே வந்த இரண்டு இடமும் தட்டிப்போய்விட்டது, இதுவும் போனால் தாங்கமாட்டாள். உபதேசியாரோ பெரிய கண்டிப்புக்காரர். ஒரு வீட்டுக் காலண்டரில் லட்சுமி படம் இருந்ததற்கு, ஆற்றிய காபியைக் குடிக்காமல் எழுந்து போனவர் என்று பேச்சு. அதனால் அப்பா அந்தப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றி, கடைசியில் அரிசிப் பானைக்குள் இறக்கினார். பர்மா அரிசி நின்றுபோன நாளிலிருந்து நம் பானையில் அரிசி எவ்வளவு இருக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும். அம்மாளுக்கு இடுப்பு வரைக்கும்தான் வந்தது. தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து குளிக்கிறவள் மாதிரி இருந்தாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் ஒரு படி அரிசி கைமாற்று கேட்டு வந்தாள். நான் அடுப்பில் கையாக இருந்தேன், நீயே எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டேன், புத்தி கெட்டவள். துண்டை எடுத்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது நம்ம இசக்கியம்மையில்லா மதினி. கையில பிள்ளையும் அதுவுமா எகிப்து தேசத்துலயும் போய் நிக்காளே மகராசி" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய் குங்குமம் எடுத்துவந்து நெற்றியில் வைத்து, ஒரு செவ்வரளியைக் கொம்பில் சொருகிவிட்டாள். ஆசையோடு செய்கிறவளை எப்படித் தடுக்கிறது? அவள் போனபிறகு துடைத்தேன். பூ வந்தது, குங்குமம் வரவில்லை. கல்லில் ஊறிவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, ஆர்.சி. என்பதற்கே பாதி உயிர் போய்விட்டது, மீதியாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை செல்லப்பா சாப்பிட வந்தான். அப்பா வீட்டில் இல்லை. அவனிடம்தான் கேட்டேன். அது மாதாவும் இல்லை இசக்கியும் இல்லை, இசிஸ் என்று பழங்காலத்து எகிப்துக்காரர்கள் கும்பிட்ட அம்மாள் என்றான். சரி, அத்தோடு விட்டுவிடுவான் என்று பார்த்தால், சோற்றைப் பிசைந்துகொண்டே தலையைக் குனிந்து மற்றதையும் சொன்னான். அவள் புருஷனை அவன் தம்பியே கொன்று துண்டுதுண்டாகப் போட, அவள் எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கிச் சேர்த்து அவனை எழுப்பினாளாம். செத்தவனின் நெஞ்சைத் தராசில் வைத்து நியாயம் தீர்ப்பார்களாம். உச்சியில் வளையம் வைத்த சிலுவை சுவருக்குச் சுவர் செதுக்கியிருக்கிறதாம். இதையெல்லாம் மியூசியத்தில் பார்த்ததிலிருந்து நீ ஒரு மாதிரி ஆகிவிட்டாய் என்றான். "ஏசுதாசன் இப்பம்லாம் கோயிலுக்கு வாரதில்லம்மா. கேட்டா, நம்ம வேதத்துல உள்ளதெல்லாம் இங்கன இருந்து எடுத்ததுதானலேங்கான். ராப்போஜன அப்பம் வாங்கவும் எந்திரிச்சுப் போறதில்ல." இதைக் கேட்டு நான் நின்ற நிலையில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மகனே, உன் அறிவில் எனக்குக் குறை இல்லை. ஆனால் குண்டு விழுகிற தேசத்தில் என் பிள்ளை கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் படுத்து எழுந்திருக்கிறானே. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடிப்பிடித்த குழம்பைச் செல்லப்பா நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றுவிட்டுப் போனான், நல்ல பையன்.

வியாழக்கிழமை. இந்தக் கரி பஸ் இருக்கிறதே, பெட்ரோலுக்குப் பதில் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது, அது என்றைக்கும் அரை நாள் தாமதம். அன்றைக்கென்று நேரத்துக்கு வந்துவிட்டது. உபதேசியாரும் அம்மாளும் கரிப்புகை போகக் குற்றாலத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு மத்தியானமே வாசலில் நிற்கிறார்கள். நாங்கள் சாயந்தரம் என்று இருந்தோம், சோறு வைக்கவில்லை. அந்த அம்மாள் நல்ல மனுஷி, சும்மா உட்காராமல் நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று சமையலறைக்குள் வந்து நேராகப் பானைக்குள் கையை விட்டுவிட்டாள். வெளியே வந்தது படி அரிசி அல்ல, கொம்பும் குங்குமமுமாக எகிப்து அம்மாள். அதை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் உபதேசியார் முன்னால் வைத்தாள். காபி டம்ளரை அவர் கீழே வைத்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அப்பா குங்குமத்தை அப்போதுதான் பார்க்கிறார். மாதா எப்போது இந்துவானாள் என்று திகைத்து, அது எங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டாருடையது என்று கமிட்டிச் செயலாளர் வாயால் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுச் சாமிக்கு உங்கள் அரிசிப் பானையில் என்ன வேலை என்று உபதேசியார் எழுந்துகொண்டே கேட்டார். தங்கபுஷ்பம் வடைத் தட்டோடு கதவருகில் நின்றவள் அப்படியே நிற்கிறாள், கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. நான் முன்னால் வந்து, ஐயா, இது எகிப்து ராஜா பார்வோன் நாட்டு விக்கிரகம், மோசே காலத்தில் இஸ்ரவேலரைச் சுற்றி இருந்தது இதெல்லாம்தான், மகன் பட்டாளத்திலிருந்து அனுப்பினான், பக்கத்து வீட்டம்மாள் தன் சாமி என்று பொட்டு வைத்துவிட்டாள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

எழுந்த மனிதர் உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்வோன் தேசத்துக்குக் கர்த்தர் அனுப்பிய பத்து வாதைகளைப் பற்றிக் காலமெல்லாம் பிரசங்கம் பண்ணியும் பார்வோன் வீட்டுச் சாமான் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லையாம். காபியைக் குடித்தார், வடை தின்றார், பெண்ணைப் பார்க்க மறந்தே போனார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு இதை இரவல் தரவேண்டும் என்று கேட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் கும்பிட்டுவிட்டு முன் சீட்டில் இடம் கொடுத்தானாம்.

அடுத்த வாரம் தனியாகத் திரும்பி வந்தார், துண்டில் சுற்றிய பொம்மையோடு. முகம் சரியில்லை. சம்பந்தம் முறிந்தது என்று அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். விஷயம் அது இல்லை. விக்கிரகத்தின் வெறுமையைக் காட்டத்தான் மேஜைமேல் வைத்திருக்கிறார், பிரசங்கம் முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு அவர் மகன், நம் மாப்பிள்ளைப் பையன், எங்கோ படித்து வைத்திருக்கிறான், நீ செல்லப்பாவிடம் சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறான். உனக்கு ஏற்ற மச்சினன்தான். "இது முந்தினதுன்னா நம்மது பிந்தினதான்னு கேக்கான்மா. எனக்குப் பதில் வரல" என்று உபதேசியார் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு நீ முன்னால் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தது. என்ன பேசுகிறேன் என்று யோசிக்காமல் கழுத்தில் கிடந்த தாலியை எடுத்துக் காட்டினேன். "ஐயா, இது ரதவீதி சங்கரபாண்டி ஆசாரியோட அப்பா அடிச்சது. முப்பிடாதி தாலியும் அவரு அடிச்சதுதான். எனக்கு நடுவுல ஒரு சிலுவை வச்சுக் குடுத்தாரு. தாலி யாருட்ட இருந்து வந்துதுன்னு நான் இன்னைய வரை கேட்டதில்ல. கட்டினவுக யாருன்னு எனக்குத் தெரியும், அது போதும்" என்றேன். அப்பா தூணை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். உபதேசியார் பொம்மையையும் தாலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் நம் பிள்ளைகள் தாலிக்கும் அந்த ஆசாரியிடமே சொல்லிவிடலாம் என்றார். உள்ளே சட்டி உருளும் சத்தம் கேட்டது.

ஆக, தை மாதம் கலியாணம். உன் துரையிடம் இப்போதே லீவு கேட்டு வை. அந்தப் பொம்மையை இனிமேல் ஒளிக்கவேண்டியதில்லை என்று ஆனபிறகு, அப்பா அதைச் சபைக் கமிட்டிக் காகிதங்கள் காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் மேல் வைத்திருக்கிறார், நல்ல கனமாக இருக்கிறதாம். நான் உபதேசியாருக்குச் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான். அது சரியான பதிலா என்று எனக்குத் தெரியாது, அவர் ஒப்புக்கொண்டார், நீ ஒப்புக்கொள்ளமாட்டாய், அப்பாவைப் போல வாதாடுவாய். வாதாடு, ஆனால் நேரில் வந்து வாதாடு. வாரத்துக்கு ஒருநாளாவது தலைக்கு எண்ணெய் வை. மணலில் வெறுங்காலோடு நடக்காதே. மியூசியம் பார்க்கப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் பார்த்தால் எல்லாச் சந்தேகமும் வரும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு, உன் அன்புள்ள அம்மா,
ஞானபாக்கியம்.

அப்பா எழுதுவது: நீ ஆர்.சி. ஆகாததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். பேரீச்சம்பழம் நன்றாக இருந்தது.

அம்மா மறுபடியும்: அப்பா கமிட்டிக் கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார், ஆகையால் இதை எழுதுகிறேன். அவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு போகையில் அந்த அம்மாள் மேஜைமேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மரியாளும் கைப்பிள்ளை இயேசுவைத் தூக்கிக்கொண்டு உயிருக்குப் பயந்து அந்தத் தேசத்துக்குத்தானே ஓடினாள். யாரோ ஒருத்தி கதவைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்திருப்பாள், அவள் இந்த அம்மாளைக் கும்பிடுகிறவளாகத்தான் இருந்திருப்பாள். மகனே, நீ ஆண்டவரிடம் பேசாமல் இருக்கிறாய், உனக்காக நான் பேசுகிறேன், அது ஒரு நாளும் நிற்காது. ஆனாலும் அந்த ஊரில் எனக்கு முகம் தெரிந்த பெண்பிள்ளை இவள் ஒருத்திதான். அதனால், என் மகன் ஏசுதாசன் உங்கள் ஊரில் இருக்கிறான், கொஞ்சம் பார்த்துக்கொள் என்று அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். கும்பிடவில்லை, சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். அப்பாவுக்கும் உபதேசியாருக்கும் தெரியவேண்டாம்.

சென்சார் ஐயா, நீங்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, இந்தக் கடைசிப் பகுதியைக் கறுப்பு மையால் அடிக்கத்தான் வேண்டுமென்றால், அவன் ஒரு தடவை படித்தபிறகு அடியுங்கள்.

ஞானபாக்கியம்.