பால்கனி வேண்டாம்

ஹர்ஷிணிக் கண்ணுக்கு,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால் எழுதுகிறேன். கரீபியன் சுற்றுலாக் கப்பலில் எங்களுக்குப் பால்கனி அறை போட்டிருப்பதாகச் சொன்னாய். படம் பார்த்தேன். கதவைத் திறந்தால் கடல். எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் கப்பல், நீ ஆசையாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் கடல் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது, சளி பிடித்துவிடும். ஜன்னலே இல்லாத உள் அறைக்கு மாற்றிவிடு.

அப்பா நன்றாக இருக்கிறார். பல்லடம் கோழிப் பண்ணையை மூடியதிலிருந்து தூக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தோட்டத்துக் கிணற்றுக்கு எதற்குக் கம்பி வலை என்று கேட்டாயே, பூனை விழுந்துவிடுகிறது என்று சொன்னேன். நம் தோட்டத்தில் பூனையே கிடையாது.

கண்ணு, அப்பா எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. மேலே எழுதியதை முழுக்கப் படித்திருக்கிறார். தாளை மூடப் போனேன், விடவில்லை.

"சளி கிளின்னு எதுக்கு எழுதற அம்மணி? உள் ரூமே போதும்னு நானே கேட்டதா எழுதிப்போடு" என்றார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இங்க மாதிரியே அங்கயும் கதவுப் பக்கம் நீயே படுத்துக்க."

இன்றைக்கே மாற்றிவிடு.

உன் அம்மா