ஆரோக்கியம் என்று ஒரு முத்திரை

மார்ச் 8, வெள்ளி. ஒரூரோ நகரம்

சென்ற ஆண்டு இந்த ஊரில் பாலியல் தொழில் செய்யும் எந்தப் பெண் மீதும் வன்முறை நடக்கவில்லை. ஆதாரம்: சுகாதார அலுவலகத்தின் ஆண்டறிக்கை, பக்கம் நான்கு, டாக்டர் அரன்சிபியாவின் கையெழுத்து. மகளிர் தினம் என்பதால் ஆளுக்கொரு பூவும் கிடைத்தது. பூவை வாங்கிய பெட்ரோனாவுக்கு முன்பல் இரண்டு இல்லை.

"பால் பல்லுன்னு எழுதியிருப்பாங்க அக்கா" என்றாள்.

நான் பதினொரு ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவள். இப்போது அதே விடுதிகளுக்கு ஆணுறை கொண்டுபோகிறேன், எச்.ஐ.வி. தடுப்பு வகுப்பு எடுக்கிறேன். அலுவலகம் தந்த அனுமதிச் சீட்டு கழுத்தில் தொங்குகிறது.

மார்ச் 11, திங்கள்

நேற்று மாலை நான்கு மணிக்கு, விடுதியில் வேலை செய்யும் யோலாவை ஒரு லாரிக்காரன் முகத்தில் குத்தியிருக்கிறான். நாளை வாராந்தர முத்திரை நாள்: சுகாதார அலுவலகத்தில் டாக்டர் பார்த்து அட்டையில் 'ஆரோக்கியம்' என்று குத்தினால்தான் அந்த வாரம் வேலை செய்யலாம். காயம் தெரிந்தால் அட்டையில் 'ஓய்வு' என்று எழுதிவிடுவார்கள்; ஒரு வாரம் வேலை கிடையாது, மீறினால் போலீஸ். அதனால் முகப்பூச்சால் மறைத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அதில் என் கைக்குத்தான் பெயர். யோலாவுக்கு மூன்று அடுக்கு பூசினேன். கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு யோலாவின் அட்டையில் 'ஆரோக்கியம்' முத்திரை விழுந்தது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து சூடாகச் சோளக் கஞ்சி குடிக்கும்போதுதான் சொன்னாள்: "அக்கா, அவன் உறையைக் கழட்டி எறிஞ்சிட்டான். அதைத் தடுத்ததுக்குத்தான் குத்துனான்."

"நேத்தே ஏன்டி சொல்லல?"

"நீங்க மூஞ்சியைத்தானே பாத்தீங்க."

எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். நாளை நான்கு மணி வரை. படம் போட்டு நானே நடத்துகிற பாடம்.

பதினோரு மணிக்குத் திரும்பப் போனோம். டாக்டர் அட்டையைப் புரட்டினார். "ஏம்மா ஃபெலிசா, தாக்குதல்னு பதிவு இருந்தாத்தான் மாத்திரை. இவ ஆரோக்கியம்னு இப்பதான் நானே குத்தியிருக்கேன். முத்திரையை மாத்தணும்னா மனு எழுதிக் குடு. பதினஞ்சு நாள் ஆகும்."

கிருமிக்கும் ஒரு மனு எழுதலாம் — ஐயா, பதினைந்து நாள் பொறுத்தருள்க.

இந்தக் கை. இந்தச் சனியன் பிடிச்ச கைதானே அவளை ஆரோக்கியமாக்குச்சு?

மார்ச் 13, புதன்

நான்கு விடுதிகளிலிருந்து பெட்ரோனா பதினேழு பேரைக் கூட்டி வந்தாள். அலுவலகக் குழாயில் எல்லோரும் முகம் கழுவினோம். ஒன்பது முகங்களில் காயம். அதில் மூன்று எனக்கே தெரியாதவை.

"இன்னைக்குப் புதன். முத்திரை செவ்வாய்தான்" என்றார் டாக்டர்.

"வாங்க வரல டாக்டர், திருப்பிக் குடுக்க வந்திருக்கோம்." பெட்ரோனா அட்டைகளை மேசையில் குவித்தாள்.

"முத்திரை இல்லாம எப்படி வேலை செய்வீங்க?"

"நீங்க எப்படிச் செய்வீங்க? செவ்வாய்க்கிழமை யாருக்குக் குத்துவீங்க, உங்க நெத்தியிலயா?"

டாக்டர் சிரிக்கவில்லை. யோலாவின் கண்ணுக்குக் கீழே பார்த்தார். நேற்று இது எங்கே போயிருந்தது என்று கேட்டார். நான் மறைத்தேன் என்றேன். எழுத்தில் வேண்டும் என்றார். எழுதினால் என் சீட்டு போகும், இருவருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் இரண்டு கையெழுத்து, ஒரு மதிய உணவு இடைவேளை.

மூன்று இருபதுக்கு யோலா முதல் மாத்திரையை விழுங்கினாள்.

மார்ச் 20, புதன்

என் சீட்டு நிறுத்திவைப்பு. காரணம்: அலுவலகத்தை ஏமாற்றியது. உண்மைதான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இருபத்தெட்டு நாள் மாத்திரை இன்றோடு முடிந்தது. முதல் இரண்டு வாரம் வாந்தி. யோலா ஒரு நாளும் தவறவிடவில்லை. ஒவ்வொரு வேளையும் என்னைத் திட்டிக்கொண்டே விழுங்கினாள்.

இப்போது முத்திரை அறையில் காயத்துக்கென்று தனித் தாள் இருக்கிறது. அதில் எழுதிக்கொண்டே அட்டையிலும் குத்துகிறார்கள்; 'ஓய்வு' என்று எழுதி வேலையை நிறுத்துவதில்லை. இதுவரை ஆறு பதிவு. இதையெல்லாம் எனக்கு வந்து சொன்னது பெட்ரோனா, ஆறாவது பதிவு அவளுடையது.

லாரிக்காரன் மீது புகார் பதிவாகியிருக்கிறது, ஆள் அகப்படவில்லை. என் சீட்டு பற்றிய முடிவு மே 3. யோலாவின் கடைசி ரத்தப் பரிசோதனை ஜூன் 12, புதன், காலை ஒன்பது மணி. முடிவு அன்றே தெரியும்.

"நீங்களும் உள்ள வரணும்" என்றாள்.

"சீட்டு இல்லாம விடமாட்டாங்கடி."

"அப்போ வாசல்ல நில்லுங்க. எதுவா இருந்தாலும் உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லுவேன்."