அந்துவன் மனையின் ஏழிலைப்பாலை

நலம் பெருகுக. மலைமுகட்டில் முதல் மழையையும் கடல்முகத்தில் முதல் வெயிலையும் தன் எல்லைக்குள்ளேயே காணும் நாட்டுக்கு உடையவர், பொலம்பூண் வேள் கோவின் திருவாய்மொழிப்படி ஓலைநாயகம் அரையன் தேவன் எழுதும் ஓலை. மணற்கால் கூற்றத்தை நெறி பிறழாது காத்துவரும் நாடாள்வார் எழினியாரும், அவர்தம் ஊரவையும், உழவரும் ஆயரும் செக்காரும் கண்டு தெளிக. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் ஆநிரை குறைவின்றி மனை திரும்புக.

ஆநிரை பற்றியதே இவ்வோலை. சென்ற கோடையில் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் பசுக்கள், அரளி என்றும் வழங்கும் அலரியைத் தின்று மாண்டதைத் தாங்கள் அறிவீர்கள். கொன்ற மரம் எதுவோ அதன் குடியைச் சேர்ந்த எதுவும் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி நிற்கலாகாது என்பது இந்நாட்டின் பழைய முறை. அம்முறைப்படி ஆணை எழுதிய கோவின் அவையோர் ஒரு பிழை செய்தனர். அலரிக் கிளையை ஒடித்தபோது பால் வடிவதைக் கண்டு, பால் வடியும் மரம் யாவும் அதன் குடியே என்று எழுதிவிட்டனர். அதனால் தங்கள் கூற்றத்து இலுப்பைத் தோப்புகளும் மகிழ மரங்களும் உலக்கைப்பாலைகளும் கோடரிக்கு உரியவையாயின.

விளக்குக்கும் அடுப்புக்கும் இலுப்பை எண்ணெயன்றி வேறறியாத ஊரிலிருந்து, செக்காட்டும் உமையாத்தாள் தலைநகருக்கு நடந்தே வந்து அவைமுன் நின்றாள். அவள் சொல்லை மெருகிட மனமின்றி அவ்வாறே எழுதுகிறோம்:

“பாலு வடியிறதெல்லாம் ஒரே குடின்னா, எம் பசுவும் அலரிதானா சாமி? அதையும் வெட்டிப்புடுவீங்களா?”

அவை சிரித்தது; கோவும் சிரித்தார். ஆயினும் சிரிப்பு சான்றாகாது என்பதால், கடிகை என்னும் கல்விச்சாலையில் கற்று மரவகை காணும் பொறுப்பில் அமர்ந்த தங்கள் ஊர் அந்துவனுக்கு ஆளனுப்பப்பட்டது.

அவன் மனைவி பூதி சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தாள். அதுமுதல் அவன் கேட்டதற்கு விடை சொல்வான், கொடுத்ததை உண்பான், அவ்வளவே என்று தாங்கள் முன்னரே எழுதியிருந்தீர்கள். அவ்வாறே வந்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு கோடரி. கோடரியை வாயிற்காவலர் வாங்கி வைத்தனர். எதற்கு என்று கேட்டதற்கு, தேவைப்படும் என்று மட்டும் சொன்னான்.

அவையில் அவன் பையிலிருந்து கிளைகளை எடுத்துத் தரையில் பரப்பினான். பால் ஒரு குடிக்கு மட்டும் உரியதன்று என்றான். காயம்பட்ட இடத்தை அடைக்க ஒன்றுக்கொன்று உறவில்லாத மரங்களும் பால் சுரக்கும். உறவை அறிய இலை நிற்கும் முறையையும் பூவையும் விதையையும் பார்க்க வேண்டும். அலரியில் ஒரு கணுவைச் சுற்றி மூன்று இலைகள் நிற்கின்றன; அதன் இதழ்கள் மொட்டில் ஒன்றன்மேல் ஒன்றாய் முறுக்கிக் கிடக்கின்றன; காய் இரண்டாய்ப் பிளந்து மயிருள்ள விதையைக் காற்றில் விடுகிறது. இலுப்பைக்கும் மகிழுக்கும் உலக்கைப்பாலைக்கும் இலை ஒவ்வொன்றாகவே முளைக்கும். கனி சதையுள்ளது. விதையைப் பிறர் கைக்குக் கொடுத்தான்: பளபளக்கும் கெட்டித் தோல், அதில் பளபளப்பில்லாமல் வெளிறிய ஒரு வடு. கனியோடு ஒட்டியிருந்த இடம் அது என்றும், எவ்வளவு தேய்த்தாலும் மினுங்காது என்றும் சொன்னான். வடுவுள்ள இம்மூன்றும் ஒரு குடி. அலரி வேறு குடி. கோ விதையைத் தம் விரலால் தேய்த்துப் பார்த்து ஒப்பினார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அலரியால் தன் பசுக்களையும் இழந்த ஆயர் தலைவன் வடுகன் எழுந்தான்.

“ஊரான் மரத்துக்கெல்லாம் குடி சொன்னீரு. உம்ம வாசல்ல ஒண்ணு மேய்ச்சக் காட்டப் பாத்து நிக்குதே, அது எந்தக் குடி?”

அம்மரம் ஏழிலைப்பாலை. பூதி மணமகளாய் வந்த ஆண்டில் தன் கையால் நட்டது. அவள் சாம்பலை அந்துவன் அதன் வேரில்தான் இட்டான். இதை அவையில் பலர் அறிவர், வடுகனும் அறிவான். மகிழோடு சேர்ந்தது என்று அந்துவன் சொல்லியிருந்தால் மறுக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

பைக்குள் கடைசியாக ஒரு கிளை இருந்தது. அதை எடுத்து, ஒரு கணுவைச் சுற்றி வட்டமாய் நின்ற ஏழு இலைகளைக் காட்டினான். முறுக்கிய மொட்டைக் காட்டினான். கயிறுபோல் இரண்டிரண்டாய்த் தொங்கும் காயையும் மயிருள்ள விதையையும் பற்றிச் சொன்னான். அலரிக் குடி என்றான்.

அது எந்தப் பசுவையாவது கொன்றதுண்டா என்று கோ வினவினார். இல்லை என்றும், ஆனால் கேட்கப்பட்டது குடி என்றும் விடையளித்தான். இத்தனை ஆண்டும் அம்மரத்துக்குக் குடி எழுதாமல் விட்டது ஏன் என்று கோ கேட்டபோது அவன் சொன்னது:

“அவதான் வேண்டாம்னா. எல்லா மரத்துக்கும் குடி சொல்றீங்க, இத மட்டும் விட்டுடுங்க, இது நம்ம வீட்டு ஆளுன்னு சொல்லுவா.”

அதைச் சொன்னபோது அவன் குரல் இலுப்பை விதையைப் பற்றிச் சொன்ன குரலாகவே இருந்தது. அவை கலைந்தபின், அவ்வேளை மனத்தில் என்ன இருந்தது என்று ஓலைநாயகம் கேட்டதற்கு, கிளை ஒடித்த பால் காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன என்றான்.

கோடரி எதற்கு என்பது அப்போது விளங்கியது. ஒரு மரத்தின் குடியைச் சொல்லி அதை வெட்டுக்கு உரியதாக்கியவனே அதன் முதல் வெட்டை வெட்ட வேண்டும், அவன் வெட்டாமல் பிறர் கை வைக்கலாகாது என்பது மரவகை காண்போர்க்கு முன்னோர் விதித்த கட்டு. எளிதாய் எவரும் குடி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அவன் ஊரிலிருந்து புறப்படும்போதே அக்கட்டை நினைத்துத்தான் புறப்பட்டிருக்கிறான்.

ஆகவே கோ ஆணையிடுவதாவது: இலுப்பையும் மகிழும் உலக்கைப்பாலையும் வெட்டப்படாமல் நிற்க; முன்னெழுதிய ஓலை இதனால் அற்றது, அதைத் தீயிலிடுக. உமையாத்தாளுக்கு முதலில் சொல்லி அனுப்புக. மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய அலரிகளை ஆயர் வேரோடு களைக. ஏழிலைப்பாலை அலரிக் குடி என்பது அந்துவன் சொன்னபடியே எழுதப்பட்டது. அதை மாற்றக் கோவுக்கும் உரிமை இல்லை. எனினும் முதல் வெட்டு அவனுடையது என்று கட்டு சொல்கிறதேயன்றி, எந்த நாள் என்று சொல்லவில்லை. அவன் வெட்ட வரும் நாளே அம்மரத்தின் நாள். அதுவரை அதைச் சுற்றி முள்வேலி இடுக. வேலியை வடுகனே கட்டுக. அந்த நாளைப் பற்றி ஊரில் எவரும் அவனிடம் கேட்கலாகாது.

யானை மருப்பு இலச்சினை இதன்மேல் இடப்பட்டது. காண்போர் இதைக் கோவின் நாவாகக் கொள்க. மீறுவோர் கோவின் முகம் காணாதொழிக.

இலச்சினைக்குக் கீழே கோ தனியே எழுதச் சொன்னது: அந்துவனின் கோடரி இவ்வோலை கொண்டுவரும் தூதனிடம் இருக்கிறது. அதைத் தங்கள் மனையில் வாங்கி வைக்க. துருவேறாமல் எண்ணெய் இடுக. அவன் கேட்டாலன்றிக் கொடுக்கற்க.