பியோத்தரின் கதவு

ரூஜ்,
4.2.2024

அன்புள்ள தங்கச்சி செலீன்,

சுகமாக இருக்கிறாயா? நீ எழுதிய நாடகத்தின் ஒத்திகை நன்றாகப் போகிறது. 1905 ரஷ்யா, ரயில்வே வேலைநிறுத்தம், செங்கொடி எல்லாம் சனத்திற்குப் பிடிக்கும். ஒன்றை மட்டும் மாற்று. யூத வீடுகளை உடைத்துக்கொண்டு கும்பல் வரும்போது, யூதப் பெண் லேயாவும் அவள் தாயும் பியோத்தரின் கதவைத் தட்டுகிறார்கள். காலையில் லேயாவோடு சேர்ந்து கொடி பிடித்த ரஷ்யன் அவன். நீ அவனைத் திறக்க விடவில்லை. திறக்கட்டும், பிள்ளை. சனம் கைதட்டும்.

அன்புடன்,
சிவபாதம் அண்ணை


வோபர்ன்,
7.2.2024

சிவபாதம் அண்ணைக்கு,

சுகம்தான். உங்களால்தான் தலையிடி. பாட்டு வேண்டும் என்றீர்கள், எழுதித் தந்தேன். லேயாவின் தகப்பனை நாடகத்திலிருந்து எடு என்றீர்கள், எடுத்தேன். இப்போது கதவு! புரட்சிக்காரனுக்குப் பயம் வராதா? அயலவர்களைக் காப்பாற்றிய ரஷ்யர்களும் இருந்தார்கள், யன்னலைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். நான் எழுதியது சாத்தியவனைப் பற்றி. திறப்பவன் வேண்டுமென்றால் அது வேறு நாடகம், அதை நீங்களே எழுதுங்கோ.

செலீன்


ரூஜ்,
11.2.2024

செலீன்,

விளங்காத மாதிரி நடிக்காதே. நீ மன்னார்க்காரி. இங்கே புலம்பெயர்ந்திருக்கிற எங்கள் சனம் இதை ரஷ்யா என்றா பார்க்கும்? "தொண்ணூறில வடக்கில இருந்து முஸ்லிம் சனத்தை எங்கட இயக்கம் வெளியேத்தேக்க நாங்கள் வாய் திறக்கேல்லை எண்டு குத்திக் காட்டுறாள்" என்றுதான் சொல்லும். மண்டபம் தருகிற அருள்நாயகம் இப்போதே முகத்தைச் சுளிக்கிறார். கதவைத் திறக்கத்தான் போகிறேன். கோபிக்காதே.

சிவபாதம்


வோபர்ன்,
12.2.2024

அண்ணை,

சனத்திற்கு உடனே அது ஞாபகம் வருமென்றால் நான் எழுதியது சரி. நோட்டீசிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

செலீன்


ரூஜ்,
19.2.2024

தங்கச்சி,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நேற்று ஒத்திகையில், பியோத்தராக நடிக்கும் அபிஷன் கதவைத் திறந்தான். தாயாக நடிக்கும் இராஜேஸ்வரி அக்கா உள்ளே போகாமல் நின்றுவிட்டார்.

"என்னக்கா?" என்றேன்.

"எண்பத்திமூண்டில தமிழரை அடிச்சு எரிக்கேக்க வெள்ளவத்தையில நாங்களும் அயல் வீட்டுக் கதவை இப்பிடித் தட்டினனாங்கள், தம்பி. உள்ளுக்கு ஆக்கள் கதைச்சது கேட்டது. ஒருத்தரும் திறக்கேல்லை. எனக்கு இதுக்குள்ள போக வருகுதில்லை."

அபிஷன் என்னைப் பார்த்தான். "பூட்டடா" என்றேன்.

அருள்நாயகம் மண்டபம் இல்லை என்றுவிட்டார். ஒஷாவாவில் ஒரு சேர்ச் மண்டபம் பிடித்திருக்கிறேன். அவ்வளவு தூரம் ஆர் வரப்போகினம்? எல்லாம் உன்னால் வந்த வினை. உன் பெயர் நோட்டீசில் இருக்கிறது, எடுக்கமாட்டேன்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு வா. கதவைப் பூட்டின பிறகு உள்ளே நிற்கிற பியோத்தர் என்ன செய்வான் என்று அபிஷன் கேட்கிறான். அதை நீதான் எழுத வேண்டும்.

சிவபாதம் அண்ணை