ஒன்பதாவது விதியை நீ எழுதவில்லை

உன் அண்ணன் பொய் சொன்னார். உன் பெயர் அவருக்குத் தெரியும். தெரிந்தே வேறு பெயரை ஃப்ளெக்ஸில் அச்சடித்துப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டினார்.

இன்று காலை அந்த ஃப்ளெக்ஸை மறுபடி பார்த்தேன். ஒகேனக்கல் ரோட்டில் ஒரு வீட்டு வாசலில் அதை விரித்துப் புளி காயப் போட்டிருந்தார்கள். நீ ப்ளஸ் டூவில் எடுத்த படம். இரட்டைச் சடை, கனகாம்பரம், ஸ்டுடியோக்காரர் பூசிவிட்ட ரோஸ் கன்னம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'செல்வி' என்று போட்டு, யார் கூப்பிட்டாலும் நீ திரும்பிப் பார்க்காத அந்தப் பெயர். புளி வாசனை ரோடு வரைக்கும் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன்.

"என்னப்பா, புளி வேணுமா?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்கக்கா. படத்துல இருக்கறது என் ஃப்ரெண்டு."

"அய்யோ பாவம். நல்ல புள்ளையா இருக்குது." உன் முகத்தின் மேல் கிடந்த புளியை மட்டும் கையால் ஒதுக்கிவிட்டார்.

புள்ளை இல்லீங்க, பையன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. உன் விதி தடுத்தது.

அந்த விதிகளைத் தொப்பூர் கணவாய்க்கு முன்னால் இருக்கிற ரோட்டோர ஓட்டலில் வைத்து எழுதினோம். நீ குட்டியானை வண்டியில் சேலத்துக்குத் தக்காளி லோடு ஏற்றிப் போகிற வழி. நான் கம்ப்யூட்டர் சென்டரில் லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் வந்திருந்தேன். பையனைக் காதலிக்கிற பையன்கள், பெண்ணைக் காதலிக்கிற பெண்கள், திருநங்கைகள், உன்னைப் போன்ற திருநம்பிகள் எல்லாரும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் படிக்கிற செய்தி மடல் நம்முடையது. வாரம் ஒருமுறை மெயிலில் போகும். ஆபீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது. நீயும் நானும்தான்.

"வாட்ஸ்அப் குரூப் வெச்சா முடிஞ்சு போச்சு. எதுக்கு மெயிலு?" என்று கேட்டேன்.

"குரூப்ல நம்பர் தெரியும் மாப்ள. அதுவுமில்லாம வூட்டுல ஆளாளுக்கு நம்ம வாட்ஸ்அப்ப நோண்டுவாங்க. மெயில எவன் தொறக்கறான்?"

பேப்பரில் வந்த செய்தியை அப்படியே அனுப்பக் கூடாது என்பது முதல் விதி. 'சிக்கினார்', 'பிடிபட்டார்' என்ற வார்த்தைகளையெல்லாம் அடித்துவிட வேண்டும். "நாம என்ன ஆடு திருடியா சிக்கினோம்?" என்றாய். பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு முன்பே, நான் அனுப்பிய முதல் செய்தியையே நீ நிறுத்தியிருந்தாய். வத்தல்மலைப் பக்கம் ஒரு ஊரில் சேர்ந்து வாழ முயன்ற இரண்டு பெண்களைப் பிரித்து வைத்த கதை. பெயர் போடவில்லை என்று நான் பெருமையாக இருந்தேன். நீ ஃபோனில் கத்தினாய்.

"பேரு போடல, சரி. காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு பஸ் வர்ற ஊருன்னு எழுதியிருக்கியே. அந்தக் கண்டக்டரே சொல்லிருவாரு யாருன்னு. அவங்ககிட்ட கேட்டியா?"

"அப்போ பயந்துகிட்டே சாவணுமா?"

"நீ தைரியமா இரு மாப்ள. அடுத்தவங்க முதுகுல ஏறி உக்காந்துகிட்டு தைரியமா இருக்காத."

எனக்குக் கோபம். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகுதான் நீயே சொன்னாய். மடலின் முதல் இதழில் உன் கதையைப் பெயர் இல்லாமல் எழுதியிருந்தாய். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற, நீலத் தகரம் போட்ட பட்டுப்புழுக் கொட்டகையைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதைப் படித்த யாரோ பிரிண்ட் எடுத்து உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"நீ யாருன்னு கேட்டாரு. பேரச் சொன்னேன்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அன்றைக்கு லைசென்ஸையும் ஒரு பேண்ட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தவன், திரும்பிப் போகவே இல்லை.

எட்டாவது விதி அதிலிருந்து வந்தது. யாரைப் பற்றிய செய்தியோ அவருக்கே முதலில் அனுப்பி, 'போடலாமா?' என்று கேட்க வேண்டும். 'போடலாம்' என்று பதில் வந்தால்தான் மடலில் ஏறும். வராவிட்டால் வராததுதான்.

"செத்துப் போனவங்க நியூஸ்னா யாரக் கேக்கறது மச்சான்?" என்றேன். நான் உன்னை மச்சான் என்று கூப்பிடும்போதெல்லாம் உன் முகத்தில் வருகிற அந்தச் சின்னச் சிரிப்பு அப்போதும் வந்தது. தாளில் 9 என்று எழுதி ஒரு புள்ளி வைத்தாய். வெளியே ஹாரன் அடித்தார்கள். உன் வண்டி வழியை மறித்து நின்றது.

"அத அப்பறமா எழுதிக்கலாம். தக்காளி வெயில்ல நசநசத்துப் போவும்" என்று எழுந்துவிட்டாய்.

நீ எழுதவில்லை. அன்றைக்கே அதே கணவாய் இறக்கத்தில் பின்னால் வந்த லாரி உன் வண்டியை இடித்துத் தள்ளியது. 'ஆண் உடையில் வண்டி ஓட்டிய இளம்பெண் பலி' என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். உன் முதல் விதிப்படி நான் அந்தத் தலைப்பில் அடிக்காமல் விட வேண்டிய ஒரே சொல் 'பலி'.

காரியத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாப்பாவுக்கு பசங்க ஃப்ரெண்டெல்லாம் கெடையாதே. நீ யாரு?"

"கூட வேலை செஞ்சேங்கண்ணா. படத்துல பேர மாத்திப் போட்டிருக்கீங்க. அவன் பேரு—"

"அந்தப் பேர இந்த வூட்டுல சொல்லாத."

எந்தப் பேர் என்று அவர் கேட்கவில்லை பார். தெரியாது என்றும் சொல்லவில்லை. சொல்லாதே என்றார். கொட்டகையின் நீலத் தகரம் அவர் தோளுக்குப் பின்னால் வெயிலில் மின்னியது. யாரோ எனக்கு இலை போட்டார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மடல் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். "அவரு நியூஸ் ஏன் இன்னும் வரல? பயந்துட்டீங்களா?" என்று அரூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பயமில்லை. ஃப்ளெக்ஸில் உன்னைச் செல்வியாக்கினார்கள், பேப்பரில் வேடிக்கையாக்கினார்கள். உன் பெயரைச் சரியாகப் போட இந்த மாவட்டத்தில் மிச்சம் இருக்கிற ஒரே இடம் நம் மடல். அங்கேயும் உன்னைக் கேட்காமல் போட்டால் எனக்கும் உன் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்? போடாமலே விட்டால் அவர் சொன்னதைத்தானே நானும் செய்கிறேன்?

செய்தி தயார். மூன்று வரி. உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். 'அனுப்பியவர்' என்ற இடத்தில் வழக்கமாக 'ஒரு நண்பர்' என்று போடுவோம். இந்த முறை என் பெயரைப் போட்டேன். என் ஊர், என் ஊருக்கு வருகிற ஒரே பஸ், அதன் நம்பர் எல்லாவற்றையும் போட்டேன். எனக்கு நானே 'போடலாமா?' என்று மெயில் அனுப்பி, 'போடலாம்' என்று பதிலும் எழுதினேன். சிரிக்காதே, விதி விதிதான். இது என் முதுகு. உட்கார்ந்திருப்பவனும் நான்தான்.

எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. 9, புள்ளி, அதற்குப் பிறகு வெறும் இடம். இந்தக் கடிதத்தையும் அந்த மூன்று வரியையும் உன் மெயிலுக்கு மட்டும் அனுப்புகிறேன். இது நான்காவது தடவை.

உன் பெயரைப் போடலாமா? பதில் போடு மச்சான்.