தோசைக்கல் வீட்டிலேயே இருக்கட்டும்

சியாமளா,

டெம்போ வந்துவிட்டது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாய். தூங்கவில்லை என்று தெரியும். எழுப்பினால் மறுபடி சண்டையை ஆரம்பிப்போம்.

போசரியில் நாம் கிரைண்டர் செய்யும் ஷெட்டின் சாவி டி.வி. மேல் இருக்கிறது. ஷெட்டை வாடகைக்குப் பிடிக்க பாட்டீல் சாயந்தரம் வருவார். திறந்து காட்டு, டீ கொடு. மும்பைக் கண்காட்சியில் ஒரு டீலராவது சிக்காவிட்டால் அவருக்கே விட்டுவிடலாம்.

"கூட்டம் உங்க கிரைண்டருக்கு இல்லீங்க, நான் சுடற தோசைக்குத்தானுங்க" என்றாயே, அது நிஜம்தான். போன வருஷம் ஸ்டாலில் நீ மாவாட்டிச் சுடச்சுட, வரிசையில் நின்று தின்றார்கள். "அவுர் சட்னி, பாபி!" என்று இன்னும் சட்னி கேட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒருவனும் கிரைண்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் இந்த முறை தோசைக்கல்லை எடுத்துப் போகவில்லை. தோசையும் இல்லாத ஸ்டாலுக்கு எவன் வருவான் என்று கேட்காதே. பேனரைச் சுருட்டும்போது நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஊறப்போட்ட அரிசியை மிக்சியில் அரைத்துக்கொள். கண்காட்சிக்கென்று செய்த புது கிரைண்டரின் மோட்டார் நேற்று புகைந்துவிட்டது, உன்னிடம் சொல்லவில்லை. ஸ்டாலில் ஓட்டிக் காட்ட ஒன்றாவது வேண்டுமே! நம் வீட்டு கிரைண்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மயில்சாமி

பி.கு: பயப்படாதே. அது நான் முதன்முதலில் செய்தது, உனக்கென்று செய்தது. யார் கேட்டாலும் விற்க மாட்டேன். கேட்கத்தான் ஆள் வரப்போவதில்லை.